கேள்வியும் மீள்கேள்வியும்: பொருநைக்கரையில் வேற்றுமொழி பயின்றோர் வழி ஓர் ஆராய்ச்சி

தமிழில் ‘கேள்வி’ என்னும் சொல் இரு பொருள் தரும். செவியாற் கொள்ளுதலும் கேள்வி. வாயால் வினாவுதலும் கேள்வி. திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் இரண்டனையும் கூறியபின் 42 ஆம் அதிகாரமாக வைத்தது முதற்பொருளில் அமைந்த கேள்வியை. தானே ஓதி உணர்தலோடு கற்றார்வாய்க் கேட்டறிதலையும் வேறாக வைத்துப் போற்றுதல் தமிழ்க் கல்வியின் பழைய நெறி. ஆயின் எதனை எத்துணை முறை கேட்டல் வேண்டும் என்ற வினா எழும்போது நம் காலத்து ஆசிரியரிடையே ஒருமித்த கருத்து இல்லை. வேற்றுமொழி ஒன்றனைச் செவிவழிப் பயில்வோன் ஒரே உரையைப் பலகால் திரும்பத் திரும்பக் கேட்டல் நன்றா, நாள்தோறும் புதிய உரைகளைக் கேட்டல் நன்றா என்பதே அவ்வினா. முன்னதனை மீள்கேள்வி எனவும் பின்னதனைப் புதுக்கேள்வி எனவும் இக்கட்டுரையில் குறிப்போம்.

இவ்வினாவைத் தமிழாராய்ச்சி இதழில் எடுத்துக்கொள்ளுதற்குக் காரணம் உண்டு. மீள்கேள்வியை வற்புறுத்துவோர் நம் முன்னோர் உருப்போட்டே கற்றனர் என்று மரபைச் சான்று காட்டுகின்றனர். புதுக்கேள்வியை வற்புறுத்துவோரோ திண்ணைப்பள்ளியின் உருப்போடும் வழக்கமே நம் பிள்ளைகளை வேற்றுமொழியில் ஊமையராக்கியது என்று அதே மரபைக் குற்றம் சாட்டுகின்றனர். ஒரு சாரார் போற்றுவதும் மறுசாரார் தூற்றுவதும் ஒரே பொருளையே. இரு சாராரும் மரபினை உள்ளவாறு கண்டிலர் என்பது எம் கருத்து. இது வெறும் சொற்போர் அன்று. சிற்றூர்ப் பள்ளிகளில் தமிழ்வழி பயின்று, கல்லூரியில் முதன்முதலாக ஆங்கில விரிவுரை கேட்கும் மாணவன் ஒன்றும் விளங்காது திகைக்கும்போது, அவனுக்கு நாம் என்ன சொல்லி அனுப்புகின்றோம் என்பது இதனைப் பொறுத்தது. தமிழ் பயில வரும் பிறநாட்டார்க்கும் பிறமொழியாளர்க்கும் நம் துறைகள் அமைக்கும் பாடமும் இதனைப் பொறுத்தது.

மரபு கூறுவது யாது என்று முதற்கண் காண்போம். பவணந்தியாரின் நன்னூற் பொதுப்பாயிரம் பாடங்கேட்டலின் வரலாற்றைத் தனியே வகுத்துரைக்கின்றது. நன்னூலுக்கும் பொருநைநாட்டிற்கும் உள்ள தொடர்பு சிறிதன்று. அதற்கு விருத்தியுரை கண்ட சங்கர நமச்சிவாயர் திருநெல்வேலியினர். அவ்வுரையைத் திருத்தியும் புதுக்கியும் அமைத்த சிவஞான முனிவர் பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்திற் பிறந்தவர். ஆதலின் இவ்வாற்றங்கரையில் கேள்விமுறை பற்றிப் பேசப் புகுவார் நன்னூலினின்று தொடங்குதல் பொருத்தமே.

பாயிரம் கூறுவதன் பொருளை எம் சொல்லால் சுருக்கித் தருகின்றோம். மாணவன் ஆசிரியன் குறிப்பறிந்து, சித்திரப் பாவைபோல் அசைவின்றி இருந்து, செவியையே வாயாகவும் நெஞ்சையே கொள்கலமாகவும் கொண்டு கேட்டல் வேண்டும். ஒருமுறை கேட்டதனோடு அமையாது இரண்டாம் முறையும் கேட்பானாயின் நூலிற் பிழைபடுதல் பெரிதும் நீங்கும். மூன்றாம் முறையும் கேட்பானாயின் அதனைப் பிறர்க்கு முறையறிந்து உரைக்க வல்லவனாவான். இவ்வளவு கேட்பினும் ஆசிரியன் புலமையிற் காற்பங்கே அவனைச் சேரும். உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு அவன் தானே பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் நிரம்பும்.

இங்கு மூன்று செய்திகள் நோக்கத்தக்கன. மீள்கேள்விக்கு நன்னூலார் இடங்கொடுக்கின்றார் என்பது வெளிப்படை. ஆயின் அவர் மூன்றோடு நிறுத்துகின்றார். நூறுமுறை கேள், ஆயிரமுறை கேள் என்று யாண்டும் கூறினார் அல்லர். மூன்றனையும் ஒருதன்மையவாகவும் அவர் கூறவில்லை. இரண்டாவதன் பயன் பிழை நீங்குதல், மூன்றாவதன் பயன் எடுத்துரைக்கும் ஆற்றல். ஒவ்வொரு முறையும் கேட்போன் வேறொன்றனை நாடிக் கேட்கின்றான். அடுத்து, நூல் பயிலும் இயல்பினைக் கூறுமிடத்துப் பாடத்தைப் போற்றுதல் வேறு உறுப்பாகவும், ஆசிரியனைச் சார்ந்து கேட்டல் வேறு உறுப்பாகவும் எண்ணப்பட்டுள்ளன. உருப்போடுதல் பாடம் போற்றுதலின்பாற் படும். அது வாயின் தொழில், நினைவின் தொழில். கேட்டல் செவியின் தொழில். இவ்விரண்டனையும் ஒன்றாக மயங்கியதே மேற்கூறிய இரு சாராரின் பிழை. மூன்றாவதாக, அதே வரிசையில் வினாதலும் வினாவியவற்றிற்கு விடைகூறலும் இடம்பெறுகின்றன. ‘கேள்வி’ என்னும் சொல்லின் இரு பொருளும் ஒரே பயிற்சியின் இரு கூறுகளாகவே அங்கு நிற்கின்றன.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். நன்னூல் கூறும் மாணவன் தமிழ்மகன். அவன் கேட்பது தன் மொழியே. அவன் அறியாதது நூற்பொருளேயன்றி ஒலியன்று. எனவே வேற்றுமொழி பயில்வோனுக்கு அவ்விதி எங்ஙனம் பொருந்தும் எனின், இத்தடை வலியுடையதே. முற்றிலும் விலக்குதற்கு இயலாது. சூத்திர யாப்பும் செந்தமிழ்ச் சொல்லும் பேச்சுத்தமிழ் மட்டும் அறிந்த சிறுவனுக்கு ஒருவகையில் வேற்றுமொழி போன்றனவே என்று விடை கூறுவார் உளர். அது பாதி உண்மை. வேற்றுமொழியான் படும் முதல் இடர்ப்பாடு சொற்பொருள் தெரியாமையன்று. ஓடும் ஒலியில் ஒரு சொல் எங்கே முடிகின்றது, மற்றொன்று எங்கே தொடங்குகின்றது என்று தெரியாமை. புணர்ச்சி மிக்க தமிழில் இவ்விடர்ப்பாடு இருமடங்கு. ஆதலின் நன்னூலை மட்டும் கொண்டு முடிவு கட்டாமல், வேற்றுமொழியைச் செவியாற் பயின்றோர் வரலாற்றையும் காணுதல் வேண்டும். அதற்குப் பொருநை கடலொடு கலக்கும் இடத்தைப்போல் வாய்ப்பான இடம் தமிழகத்தில் அரிது.

அங்குச் செல்லுமுன், ஆழ்வார்திருநகரியில் சிறிது தங்குதல் நன்று. மீள்கேள்விக்குச் சான்றாக நாதமுனிகள் வரலாற்றைக் காட்டுவாரைப் பன்முறை கண்டிருக்கின்றோம். மறைந்திருந்த திருவாய்மொழியைத் தேடித் திருக்குருகூர் வந்த அவர், மதுரகவியாழ்வாரின் கண்ணிநுண்சிறுத்தாம்பினைப் புளியமரத்தடியில் 12,000 முறை ஓதி, நம்மாழ்வாரிடமிருந்து அனைத்துப் பாசுரங்களையும் பெற்றார் என்பது குருபரம்பரை கூறும் செய்தி. இஃது ஓதுதல், கேட்டல் அன்று. அதன் நோக்கமும் அருள் பெறுதலேயன்றி மொழி பயிலுதல் அன்று. ஆதலின் நம் வினாவிற்கு இஃது எப்பக்கமும் சான்றாகாது. ஆயின் அவ்வரலாற்றின் தொடக்கம் சான்றாகும். அதனை ஒருவரும் எடுத்துக்காட்டுவதில்லை. காட்டுமன்னார்கோயிலில் வழிப்போக்கர் சிலர் பத்துப் பாட்டினைப் பாடக் கேட்டார் நாதமுனிகள். அவற்றின் முடிவுப் பாட்டைக்கொண்டே அவை ஆயிரத்தின் ஒரு பகுதி என்று உணர்ந்து எஞ்சியவற்றை வினவினார். முன் கேட்டறியாத பாட்டில் இத்துணை நுட்பம் செவியிற் பட்டது அவர் செவி பலவற்றைக் கேட்டுப் பழகியிருந்தமையால். புதியதனைப் பற்றுதற்குரிய ஆற்றல் பழக்கத்தினின்றே வருகின்றது. ஆனால் அப்பழக்கம் அதே பாட்டின் பழக்கம் அன்று.

இனிப் புன்னைக்காயல். இன்று தூத்துக்குடி மாவட்டத்தைச் சார்ந்த இவ்வூர் பொருநை கடலிற் புகும் இடத்தில் உள்ளது. 1542 இல் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்த பிரான்சிசு சவேரியார்க்குத் தமிழ் தெரியாது. அவர் கையாண்ட முறையை 1544 சனவரியில் கொச்சியினின்று எழுதிய கடிதத்தில் அவரே விரித்துரைத்துள்ளார். இருமொழியும் ஒருவாறு அறிந்தோரைக் கூட்டி, பல நாள் உழைத்து, மன்றாட்டுக்களைத் தமிழாக்கச் செய்தார். அவற்றை மனப்பாடம் செய்துகொண்டார். மணியொன்றை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று சிறுவரையும் பெரியோரையும் கூட்டினார். தாம் ஒவ்வொன்றாகச் சொல்ல அவர்களைத் திரும்பச் சொல்லுவித்தார். ஊர்தோறும் இதுவே நிகழ்ந்தது.

சமயப்பணி என்ற நோக்கில் இம்முறையின் பயனை அளவிடுதல் நம் வேலையன்று; மொழிப்பயிற்சி என்ற நோக்கிலேயே காண்கின்றோம். இதனினும் தூய மீள்பயிற்சியைக் கற்பனையிலும் காணல் அரிது. ஒரே உரை, ஒரே சொல், நாள்தோறும், மாதக்கணக்கில், ஆயிரக்கணக்கான வாய்களில். விளைந்தது யாது? அதே 1544 இல் தம் உடனுழைப்பாளர் மன்சிலாசு என்பார்க்கு எழுதிய கடிதம் ஒன்றில், நம்பிக்கை அறிக்கையில் ஒரு சொல்லை மாற்றுமாறு சவேரியார் அறிவுறுத்துகின்றார். ‘வேணும்’ என்ற சொல்லை அதுகாறும் வழங்கிவந்தனர். அச்சொல்லுக்கு விரும்புதல் என்பதே பொருளாதலின், அதனை விடுத்து விசுவாசம் என்ற பொருள்தரும் சொல்லை வழங்குக என்பது அவ்வறிவுரை. நம்புகின்றேன் என்று கூறவேண்டிய இடத்தில் எனக்கு வேணும் என்று ஓதிவந்துள்ளனர்! ‘வேணும்’ என்பது மீன்விற்கும் இடத்திலும் கிணற்றடியிலும் ஒருநாளிற் பன்முறை ஒலிக்கும் சொல். கடற்கரைத் தெருவில் மக்கள் தமக்குள் பேசுவதைச் செவிகொடுத்துக் கேட்கும் வாய்ப்பு இருந்திருப்பின், ஒரு கிழமைக்குள் அதன் பொருள் தானே விளங்கியிருக்கும். ஆனால் மன்றாட்டு வாயில் நின்றதேயன்றிச் செவியைத் திறக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் உடனில்லாத வேளையில் மக்கள் பேசுவது தமக்கும் தாம் பேசுவது மக்களுக்கும் விளங்காத நிலையை அவர் கடிதங்களிற் காணலாம். அவரைக் குறைகூறுதற்கு இதனைச் சொல்லவில்லை. ஓரூரில் நில்லாது கடற்கரை முழுதும் அலைந்த ஒருவர்க்கு வேறு வழி இருந்திருக்காது. திரும்பச் சொல்லுதல் பிழையையும் திருத்தத்தையும் ஒரே உறுதியோடு நிலைநாட்டும் என்பதே நாம் கொள்ளத்தக்கது.

அவர்க்குப்பின் 1547 இல் அக்கடற்கரைக்கு வந்த அண்டிரிக்கு அடிகளார் வேறு வழியிற் சென்றார். போர்ச்சுக்கல் நாட்டவரான இவர் தமிழை இலத்தீன் இலக்கணத்தின் துணைகொண்டு ஆராய்ந்து, வினைத்திரிபுகளையும் வேற்றுமைகளையும் தமக்கென வகுத்துக்கொண்டமையை 1548 இல் எழுதிய கடிதம் தெரிவிக்கின்றது. சில திங்களிலேயே மொழிபெயர்ப்பாளர் துணையின்றிப் பேசத் தொடங்கினார். 1600 இல் இறக்கும்வரை ஏறத்தாழ அரைநூற்றாண்டு இக்கடற்கரையில் வாழ்ந்தார். 1578 இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், 1579 இல் கொச்சியில் அச்சான கிரீசித்தியானி வணக்கம், 1586 இல் வெளிவந்த அடியார் வரலாறு என்பன இவர் பெயரால் அறிஞர் நன்கறிந்தவை. அச்சுநூல் வரலாற்றில் இவற்றிற்குரிய இடத்தைப் பலரும் எழுதிவிட்டனர். எம் கருத்தைக் கவர்ந்தது அவ்வரிசையில் அதிகம் பேசப்படாத ஒரு நூல். 1580 இல் கொச்சியில் அச்சிடப்பட்ட பாவசங்கீர்த்தன நூல்.

பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவின் நிலை மொழிப்பயிற்சி நோக்கில் மிகவும் விந்தையானது. அவர் கேட்டே ஆகவேண்டும். பேசுவோன் தாழ்ந்த குரலில், நாணத்தோடு, விரைந்து, தன் ஊர்வழக்கிற் பேசுவான். மூன்றாம் ஆள் ஒருவரை நடுவில் வைத்தல் பேசுவோனுக்குப் பெருந்துன்பம். கேட்டதனை மீண்டும் கேட்டல் ஓரளவே இயலும். ஒருவன் கூறியதனை மற்றொருவன் கூறான். ஒவ்வொன்றும் புதிய உரை. இங்ஙனம் நோக்கின் இதனைவிடக் கடுமையான புதுக்கேள்வி வேறில்லை. ஆயின் இதற்கு மறுபக்கம் உண்டு. இத்தகைய நூல்களின் வழக்கப்படி வினாக்கள் கட்டளைகளின் வரிசையில் அமைக்கப்பட்டவை. வினாவின் சொல்லும் வரிசையும் மாறா. எனவே வரப்போகும் விடை எப்பொருள் பற்றியது என்பது கேட்போனுக்கு முன்னரே தெரியும். களவு பற்றிய வினாவிற்கு வலையும் படகும் பணமும் விடையில் வரும். வேறொன்றற்கு வேறு சொற்கள் வரும். சட்டகம் பழையது, அதனுள் நிரம்பும் உரை புதியது. ஒரே வினாவிற்கு நூறு வாய்கள் நூறு விடை தந்தபோது, அந்நூற்றிலும் பொதுவாக வந்த சொல்லும் தொடரும் தாமே மீள்கேள்வியாயின. குருக்கள் ஓர் உரையை நூறுமுறை கேட்கவில்லை; ஒரு சொல்லை நூறு உரைகளிற் கேட்டனர். இவ்வேறுபாட்டிலேதான் எம் வினாவிற்கு விடை அடங்கியுள்ளது என்று கருதுகின்றோம்.

இதற்கு அண்டிரிக்கு அடிகளார் வாக்குமூலம் ஒன்றும் இல்லை; அந்நூலின் அமைப்பினின்று யாம் உய்த்துணர்ந்ததே இது. ஆயினும் பிற்காலத்தார் சிலர் வரலாறும் இதனோடு ஒத்துச் செல்லுகின்றது. 1838 இல் சென்னையில் இறங்கிய கால்டுவெல் மூன்றாண்டிற்கு மேல் அங்கிருந்து தமிழ் பயின்றார். 1841 இல் திருநெல்வேலிச் சீமைக்குப் புறப்பட்டபோது, மக்களை அணுகி அறிதற்பொருட்டுக் கால்நடையாகவே, நீலமலை வழியாகச் சுற்றி வந்து இடையன்குடி சேர்ந்தார். வழிநடையின் இயல்பு அனைவரும் அறிந்ததே. நாள்தோறும் ஊர் புதிது, ஆள் புதியர், பேச்சுவழக்குப் புதிது. ஆயின் எவ்வூர், எங்கே போகின்றீர், நடந்தா வந்தீர் என்னும் வினாக்கள் எல்லா ஊர்க்கும் பொது. ஒரே பேச்சினைத் தஞ்சையிலும் கொங்கிலும் மதுரையிலும் வெவ்வேறு ஒலியிற் கேட்டுவந்த செவி பின்னர் 1856 இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய செவி. அந்நடையே அந்நூலுக்குக் காரணம் என்று கூறுதல் மிகையாகும். செவிக்கு அது நல்ல பள்ளி என்பதில் ஐயமில்லை.

வீரமாமுனிவர் பேச்சுத்தமிழுக்கு ஓர் இலக்கணமும் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் வேறுவேறாக இயற்றியது, வேற்றுநாட்டான் செவியிற் படும் தமிழும் ஏட்டிற் காணும் தமிழும் ஒன்றன்று என்ற உணர்வினால் எனலாம். போப்பையர் 1855 இல் வெளியிட்ட தமிழ்க் கையேடு படிப்படியாக ஏறும் பாடங்களைக் கொண்டது. இவ்விருவர் முறைகளும் தனியே ஆராயத்தக்கன.

இனி நம் காலத்து ஆராய்ச்சி கூறுவதை நோக்குவோம். எபிங்கவுசு என்னும் செருமானிய அறிஞர் 1885 இல் மறதியின் போக்கினை அளந்து வெளியிட்டார். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து அளந்தவர் அவர். மீள்பயிற்சியை ஆதரிப்போர் அவரை மேற்கோள் காட்டும்போது, அவர் அளந்தது நினைவினை, கேள்வியை அன்று என்பதனை மறந்துவிடுகின்றனர். நன்னூல் பிரித்துவைத்த இரண்டும் இங்கும் மயங்குகின்றன. 2006 இல் சாங்கு, இரீடு என்போர் தைவானில் ஆங்கிலம் பயிலும் கல்லூரி மாணவரிடம் நிகழ்த்திய ஆய்வு நம் வினாவிற்கு மிக அணுக்கமானது. கேட்கும் முன்னர் மாணவர்க்குத் தரத்தக்க துணைகளை அவர்கள் ஒப்பிட்டனர். உரையின் பொருள் பற்றி முன்னரே அறிவித்தல் மிகுபயன் தந்தது. உரையை மீண்டும் ஒலிக்கச் செய்தல் அதனை அடுத்து நின்றது. அருஞ்சொற்களை முன்னரே கற்பித்தல் கடைநிலையில் நின்றது. அஃதாவது, ஒலி பழையதாதலினும் பொருள் பழையதாதல் சிறந்த துணை. ஆசிரியர் பலரும் முதலிற் செய்வது கடைநிலையில் நின்ற அருஞ்சொற்பட்டியலே என்பது நினைவிற்குரியது.

அமெரிக்க அறிஞர் கிராசன் 1996 இல் முன்வைத்த முறை இதனை இன்னும் தெளிவாக்குகின்றது. பயில்வோன் தனக்குப் பழகிய, தான் விரும்பும் பொருள் ஒன்று பற்றி அம்மொழியார் பலரைச் சிறிதுநேரம் பேசச் செய்து பதிவு செய்துகொள்ளல் வேண்டும். அவற்றை விரும்பும் அளவு மீண்டும் கேட்டல் வேண்டும். பொருள் சலித்தபின் சிறிது விலகிய வேறு பொருளுக்குச் செல்லல் வேண்டும். இதனைக் குறுகிய கேள்வி என்று அவர் அழைத்தார். புன்னைக்காயல் குருக்கள் வேண்டாமலே பெற்றதனை இம்முறை வேண்டிப் பெறச் செய்கின்றது.

தமிழகப் பள்ளிகள் கண்ட இரு முயற்சிகளையும் இவ்விடத்திற் குறிப்பிடுதல் வேண்டும். 1959 இல் தொடங்கிய சென்னை ஆங்கிலப் பயிற்சி இயக்கம் வாக்கிய அமைப்புக்களை வரிசைப்படுத்தி, வகுப்பு முழுதும் ஒருகுரலாகத் திரும்பச் சொல்லும் முறையை மாநிலமெங்கும் பரப்பியது. ஆங்கிலம் சரளமாகப் பேசாத ஆசிரியரும் கையாளத்தக்கதாக அம்முறை இருந்தமை அதன் சிறப்பு. அதன் குறையைக் கண்டு, பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய இடங்களின் பள்ளிகளில் 1979 முதல் 1984 வரை வேறுமுறையை முயன்றவர் என். எசு. பிரபு. வழிகாட்டும் படம், தொடர்வண்டி நேர அட்டவணை போன்றவற்றைத் தந்து, அவற்றில் எழும் சிக்கலுக்கு விடை காணும் முயற்சியில் மொழியைக் கேட்கவும் பேசவும் செய்தார். இம்முறையில் ஆசிரியர் வகுப்பின் முன் ஒரு சிக்கலைத் தாமே எடுத்துப் பேசி விளக்குவார். பின்னர் அதனை ஒத்த வேறொன்றனை மாணவர் தனியே செய்வர். முன்னதனைக் கேட்டமையால் பின்னதன் சட்டகம் தெரியும். விடை மட்டும் புதிது. வினாவுதலும் விடைகூறலும் கேட்டலின் உறுப்புக்களாய் நன்னூலில் நின்றது போலவே இங்கும் நிற்றல் காண்க.

இவ்விடத்து, மீள்கேள்வி என்று பொதுவாகக் கூறப்படுவது ஒன்றன்று, இரண்டு என்பதனை வற்புறுத்த விரும்புகின்றோம். ஆசிரியன் மீண்டும் சொல்லுதல் வேறு; கருவி மீண்டும் ஒலித்தல் வேறு. மனிதன் ஒருநாளும் சொன்னதனை அப்படியே மீட்டுச் சொல்லுவதில்லை. மாணவன் முகத்தைப் பார்த்து நிறுத்துகின்றான், சொல்லைப் பிரிக்கின்றான், எளிய சொல்லை இடுகின்றான், எடுத்துக்காட்டினை மாற்றுகின்றான். நன்னூல் கூறிய மூன்றுமுறை இத்தகைய மூன்று. இசைத்தட்டும் ஒலிநாடாவும் இன்றைய கைப்பேசியும் தருவது வேறுவகை. அவை முதல்முறை ஒலித்ததனையே நூறாவது முறையும் ஒலிக்கும். இதில் ஒரு நன்மை உண்டு: விரைந்த பேச்சில் தேய்ந்து மறையும் அசையினை, நிறுத்தியும் மீட்டும் கேட்டுப் பிடிக்கலாம். மனித ஆசிரியன் மீண்டும் சொல்லும்போது அத்தேய்வே மறைந்து, திருந்திய ஒலியாகிவிடும். மாணவன் கேட்கவேண்டியது அதனையன்று. எனவே கருவியின் மீள்கேள்வியை அறவே இகழ்வாரோடு யாம் உடன்படோம். ஆயின் அடுத்து வரும் சொல் இன்னது என்று கேட்போன் முன்னரே அறிந்துவிட்ட நிலையில் செவி ஓய்ந்துவிடுகின்றது. நினைவு அதன் வேலையைச் செய்கின்றது. மாணவன் தனக்கு எல்லாம் விளங்குகின்றது என்று மகிழ்கின்றான். மறுநாள் வேறொருவர் அதே செய்தியைக் கூறக் கேட்டால் முன்போலவே திகைக்கின்றான். இந்நிலை நான்காம் ஐந்தாம் முறையிலேயே வந்துவிடுதலை வகுப்பறையிற் கண்டிருக்கின்றோம். மூன்றோடு நிறுத்திய பவணந்தியார் கணக்கு அத்துணைத் தற்செயலானதன்று போலும்.

புதுக்கேள்வியை மட்டும் போற்றுவோர்க்கும் ஒன்று சொல்லுதல் வேண்டும். கேட்கும் உரையின் சொற்களுள் மிகப் பெரும்பகுதி முன்னரே தெரிந்திருந்தாலன்றிப் புதிய உரை வெற்றொலியே. நூற்றுக்கு 95 சொற்களேனும் தெரிந்திருத்தல் செவிப்புலனறிவிற்கு ஏற்றது என்பது 2013 இல் வெளியான ஆய்வொன்றின் முடிபு. முதலாண்டு மாணவனை ஆங்கிலத் திரைப்படத்தின் முன் அமர்த்தி நாள்தோறும் பார் என்று விடுதல், குற்றாலத்து அருவியடியில் நின்று நீரருந்தப் பழகு என்பதை ஒக்கும். நீர் தலையில் வீழும், வாயிற் புகாது.

வானொலிக் காலத்தில் இவ்விடர்ப்பாட்டிற்கு இயல்பாகவே ஒரு தீர்வு இருந்தது. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 இல் தொடங்கப்பெற்றது. தமிழ்ச் செய்தியைக் கேட்டபின் அதே நாளின் ஆங்கிலச் செய்தியைக் கேட்டோர் அறியாமலே ஒரு நல்ல முறையைக் கைக்கொண்டனர். பொருள் தமிழில் முன்னரே தெரிந்தது. ஒலி மட்டும் புதிது. செய்தி நாள்தோறும் மாறும். செய்தி கூறும் தொடரமைப்பு மாறாது. நிறுத்தி மீண்டும் கேட்க இயலாமையால் செவி விழிப்போடு இருந்தது. இன்று செய்திகள் வேண்டிய மொழியில் வேண்டியபோது கிடைக்கின்றன. ஆயினும் தமிழிற் கேட்டதனையே ஆங்கிலத்திற் கேட்கும் இவ்வெளிய பயிற்சியை வகுப்புக்களிற் காண்பது அரிதாயிற்று.

தமிழ் பயில வரும் வேற்றுமொழியாளர்க்கு நாம் செய்யத்தக்கதற்கு இனி வருவோம். இன்று அவர்க்குத் தரப்படும் ஒலிப்பதிவுகளிற் பெரும்பாலானவை ஒருவரே, திருந்திய குரலில், ஏட்டுத்தமிழை ஒட்டிய நடையிற் பேசியவை. இவற்றை ஐம்பதுமுறை கேட்டவரும் திருநெல்வேலிச் சந்திப்பில் இறங்கியவுடன் ஒன்றும் அறியாதவராகின்றனர். சொல்கிறேன் என்று கற்றவர் செவியிற் ‘சொல்லுதேன்’ என்பது விழுகின்றது. வந்தார்கள் என்று கற்றவர்க்கு ‘வந்தாவ’ வேற்றுமொழியாகின்றது. இதனைக் கொச்சை என்று ஒதுக்குதல் ஆராய்ச்சியாளர்க்கு அழகன்று. ஆற்றின் வழியே மேலிருந்து கீழாக ஐந்து ஊர்களை எடுத்துக்கொள்ளலாம்: பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, திருவைகுண்டம், புன்னைக்காயல். ஒவ்வோரூரிலும் ஒருவரை, ஆணும் பெண்ணும் இளையரும் முதியருமாக, ஒரே பொருள் பற்றிப் பேசச் செய்து பதிதல் வேண்டும். ஆற்றில் வெள்ளம் வந்த நாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நால்வரும் அணையையும் வாய்க்காலையும் வயலையும் கூறுவர். ஐந்தாமவர் கழிமுகத்தையும் படகையும் கூறுவார். மழை, நீர், கரை, உடைந்தது, வீடு, இரவு என்னும் சொற்கள் ஐவர் வாயிலும் வரும். வினைமுற்று மட்டும் ஊர்க்கூறாகச் சிறிது சிறிது திரியும். பயில்வோன் ஒவ்வொன்றனையும் மூன்றுமுறை கேட்பான்: முதற்கண் பொருளுக்காக, பின்னர்ப் பிழையற உணர்தற்காக, மூன்றாவது தன் வாயாற் பிறர்க்கு எடுத்துரைத்தற்காக. அதன்பின் அடுத்த ஊர்க்குச் செல்வான். ஐந்தாம் பதிவினை முடித்தபின், முன் கேட்டறியாத ஆறாம் ஒருவரிடம் அவனை நேரே அனுப்பி, வெள்ளம் பற்றி அவனே வினவுமாறு செய்தல் வேண்டும்.